கேளுங்கள், சொல்கிறேன்: கொய்யாச் செடியும் மூன்று வருடக் காசும்

நாகர்கோவிலில் பிறந்து, கல்யாணமாகி மொரீஷியஸுக்கு வந்தவள் நான். மோக்கா பக்கம் ஓர் ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. பல்லுயிர்ப் பாதுகாப்பு, பருவநிலைத் தாங்குதிறன் என்ற பெயர்களில், பெரும்பாலும் மூன்று வருடத்துக்கான வெளிநாட்டுப் பணத்தோடு வரும் திட்டங்களைப் பார்த்துக்கொள்கிறேன். பத்திரிகை ஆசிரியர் ஒரு கட்டு வாசகர் கடிதங்களைக் கொடுத்து, "கோபமாக எழுதியிருப்பவர்களுக்கும் பதில் சொல்லுங்கள்" என்றார். சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: அக்கா, தாவரவியலில் எம்எஸ்சி முடிக்கப் போகிறேன். திட்ட மேலாளர் என்றால் காட்டுக்குப் போவீர்களா? தினமும் என்னதான் செய்வீர்கள்?
(மாணவி, கியூர்பிப்)

போவேன் தங்கச்சி, மாதத்தில் இரண்டு நாள். மற்ற நாளெல்லாம் எக்செல்.

காலையில் கணக்குப் பிரிவோடு சண்டை. ஒப்பந்தம் யூரோவில் இருக்கும், நாங்கள் செலவழிப்பது ரூபாயில். மாற்று விகிதம் ஆடினால் மூன்றாம் வருட பட்ஜெட்டில் துண்டு விழும். அப்புறம் காலாண்டு அறிக்கை. மாலையில் மற்ற தீவு நாடுகளோடு ஜூம் கூட்டம். எங்களுக்கு மாலை 4 மணி என்றால் பிஜியில் நள்ளிரவு 12, பார்படோஸில் காலை 8. எந்த நேரம் வைத்தாலும் யாராவது ஒருவர் கொட்டாவி விட்டுக்கொண்டுதான் பேசுவார்.

இந்த வேலையில் நான் பட்ட பாட்டில் ஒன்றை மட்டும் சொல்கிறேன். மற்றதை நீயே ஊகித்துக்கொள்வாய். எங்களுக்கு நாற்று நட ஏற்ற காலம் டிசம்பரிலிருந்து மார்ச் வரை, மழைக்காலம். ஒரு வருடம் ஒப்பந்தம் நவம்பரில் கையெழுத்தானது. முதல் தவணை வந்து சேர்ந்தது மே மாதம். கொடுக்கிற ஊரில் நிதியாண்டு மாறுகிறதாம், அதனால் தாமதமாம். நாற்றங்காலில் கருங்காலிக் கன்றுகளின் வேர் பையைக் கிழித்துத் தரைக்குள் இறங்கிவிட்டது. பெயர்த்துப் பை மாற்றி அடுத்த மழை வரை தண்ணீர் ஊற்றி வைத்திருந்தோம். அப்படியும் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. "நடவு இலக்கு எட்டப்படவில்லை" என்று என் கையாலேயே அறிக்கை எழுதினேன். காரணம் எழுத விட்டிருந்த கட்டத்தில் 200 எழுத்துக்கு மேல் ஏறவில்லை.

தாவரவியல் தெரிந்தவர் இந்த நாற்காலியில் உட்கார்ந்தால் அந்த மே மாதத்தை முன்கூட்டியே கணித்து, நாற்றங்கால் செலவை முதல் தவணைக்கு முன்பே நிறுவனத்திடம் கடனாகக் கேட்டு வைப்பார். நான் அதைக் கற்றுக்கொள்ள ஒரு தொகுதி கன்றுகளைக் காவு கொடுக்க வேண்டியிருந்தது. அதனால் வா. எக்செல்லும் படித்துக்கொண்டு வா.

கேள்வி: டோடோ பறவையையே தொலைத்த ஊர் உங்களுடையது. இன்னும் காப்பாற்ற என்ன மிச்சம் இருக்கிறது? பணம்தான் வீண்.
(வாசகர், டர்பன்)

ஐயா, கோபம் நியாயம்தான். டச்சுக்காரர்கள் 1598-இல் வந்திறங்கினார்கள். நூறு வருடம்கூட ஆகவில்லை, டோடோ இல்லை. அவர்களோடும் மற்றக் கப்பல்களிலும் வந்த எலி, பன்றி, குரங்கு, மான் எல்லாம் இன்றைக்கும் சௌக்கியமாக இருக்கின்றன. நல்ல நிலையில் உள்ள பூர்வீகக் காடு தீவின் பரப்பில் இரண்டு சதவீதம்கூடத் தேறாது.

ஆனால் மொரீஷியஸ் வல்லூறைப் பாருங்கள். மலேரியாக் கொசுவை ஒழிக்க அடித்த டிடிடி, காடழிப்பு எல்லாம் சேர்ந்து 1974-இல் காட்டில் தெரிந்த வல்லூறுகள் நாலே நாலு. 1979-இல் வேல்ஸிலிருந்து கார்ல் ஜோன்ஸ் என்ற இளைஞர் வந்தார். கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் பறவை மறுபடி முட்டையிடும். எடுத்ததைச் செயற்கையாகப் பொரிக்க வைத்து, வளர்த்து, காட்டில் விட்டார்கள். கூட்டுப் பெட்டி மாட்டினார்கள், இரை வைத்தார்கள். சில நூறாகப் பெருகியது. ஜோன்ஸுக்கு 2016-இல், விலங்குப் பாதுகாப்புக்குத் தரும் இண்டியானாபொலிஸ் பரிசு கிடைத்தது. 1990 வாக்கில் காட்டில் பத்து அளவுக்குச் சுருங்கிய இளஞ்சிவப்புப் புறாவும் இதே மாதிரி மீண்டது. 2018-இல் அழியும் இனங்களின் உலக ஆபத்துப் பட்டியலில் அது ஒரு படி இறங்கியது, அதாவது ஆபத்து குறைந்தது. எக்கோ கிளி என்ற எங்கள் ஊர்க் கிளி 2019-இல் இறங்கியது.

மேடையில் பேசுகிறவர்கள் இந்த இடத்தில் நிறுத்திவிடுவார்கள். நான் நிறுத்தப் போவதில்லை. வல்லூறு தேறிவிட்டது என்று 90-களில் தீவிரப் பராமரிப்பைக் குறைத்தார்கள். எண்ணிக்கை சரியத் தொடங்கி, 2014-இல் ஆபத்துப் பட்டியலில் அதை ஒரு படி மேலே ஏற்ற வேண்டியதாயிற்று. புறாவுக்கு இன்றைக்கும் தீனி வைக்கிறோம், எலியும் பிடிக்கிறோம். பணம் வீணாகுமா என்று கேட்டால், ஆகும். பாதியில் கையை எடுத்தால் ஆகும்.

கேள்வி: நம் செடிகளையும் விதைகளையும் வெள்ளைக்கார நிறுவனங்களுக்கு ஏன் அனுப்புகிறீர்கள்? காலனிக் காலத்துப் பழக்கம் போகவில்லையா?
(வாசகர், செந்த் ஆந்த்ரே, ரீயூனியன்)

மொரீஷியஸைச் சேர்ந்த ரோட்ரிக்ஸ் தீவில் கஃபே மரோன் என்று ஒரு செடி. அழிந்துவிட்டது என்றே எல்லோரும் நினைத்திருந்தார்கள். 1980 வாக்கில் ஓர் ஆசிரியர் வகுப்பில் அதன் படத்தைக் காட்ட, ஒரு பையன் எழுந்து "இது எங்கள் வீட்டுப் பக்கம் இருக்கிறதே" என்றான். இருந்தது, ஒரே ஒரு செடி. செய்தி பரவியதும் மருந்துக்கென்று ஆட்கள் கிளையை ஒடிக்க ஆரம்பித்தார்கள். வேலி போட்டார்கள். வேலிக்குள் இருக்கிறதென்றால் பெரிய மருந்தாகத்தான் இருக்கும் என்று கூட்டம் கூடியது. வேலிக்கு மேல் வேலி.

1986-இல் ஒரு துண்டுக் கிளையை லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்துக்கு விமானத்தில் அனுப்பினார்கள். அது வேர் பிடித்தது, பூத்தது, காய்க்க மட்டும் மாட்டேன் என்றது. கார்லோஸ் மக்தலேனா என்ற தோட்டக்காரர் விடாமல் முயன்று 2003-இல் விதை எடுத்தார். அந்த விதையில் வளர்ந்த கன்றுகள் ரோட்ரிக்ஸுக்கே திரும்பின. அனுப்பாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

அதே சமயம் உங்கள் சந்தேகத்தை நான் தள்ளிவிடவில்லை. 2010-இல் நகோயா உடன்படிக்கை வந்தது, 2014-இல் நடைமுறைக்கு வந்தது, மொரீஷியஸும் அதில் உறுப்பு நாடு. ஒரு நாட்டின் உயிர்வளத்தை எடுத்தால் முன் அனுமதி வேண்டும், லாபம் வந்தால் பங்கு வேண்டும் என்பதுதான் சாரம். இப்போது ஓர் இலை வெளியே போனாலும் கையெழுத்தில்லாமல் போகாது. போன வருடம் ஒரு பேராசிரியர், "சும்மா நாலு இலைதானே, பையில் வைத்துக்கொள்கிறேன்" என்றார். சிரித்துக்கொண்டே பையைத் திறக்கச் சொன்னேன்.

கேள்வி: எங்கள் லிச்சி மரத்தை வௌவால் விட்டுவைப்பதில்லை. உங்களைப் போன்றவர்கள் அதையும் காப்பாற்றச் சொல்கிறீர்கள். எங்களை யார் காப்பாற்றுவது?
(இல்லத்தரசி, ரோஸ்ஹில்)

அம்மா, உங்கள் கடிதத்தை வாசித்ததும் என் மாமியாரே பெயரை மாற்றி எழுதினாரோ என்று சந்தேகப்பட்டேன். எங்கள் வீட்டிலும் ஒரு லிச்சி உண்டு. நவம்பர் முடியும்போது மாமியார் ஒரு தகரத்தையும் கட்டையையும் எடுத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்துவிடுவார். ராத்திரி பத்து மணிக்குத் தகரம் அடித்துக்கொண்டே "சோசூரி, சோசூரி" (வௌவால், வௌவால்) என்று கிரியோலில் வசை. காலையில் பார்த்தால் வௌவால் தின்றது போக மிச்சத்தை மைனா முடித்திருக்கும். மைனா மேல் அவருக்கு அவ்வளவு கோபம் வராது. எனக்கு அதில்தான் வருத்தம்.

உங்கள் மரத்துக்கு வரும் பழந்தின்னி வௌவால் உலகத்தில் மொரீஷியஸ், ரீயூனியன் அடங்கிய இந்த மாஸ்கரீன் தீவுகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. அது பூவுக்கு மகரந்தம் சுமக்கிறது, பூர்வீக மரங்களின் பெரிய விதைகளைத் தூரத்தில் கொண்டுபோய்ப் போடுகிறது. அந்த வேலையைச் செய்த ஆமையும் பெரிய கிளியும் எப்போதோ போய்விட்டன. 2015, 2016, 2018 ஆகிய வருடங்களில் அரசாங்கம் வௌவால்களைச் சுட்டது. ஆயிரக்கணக்கில் சுட்டார்கள். 2018-இலேயே உலகப் பட்டியலில் அதை ஆபத்துக்குள்ளான இனமாக உயர்த்த வேண்டி வந்தது. இத்தனைக்குப் பிறகும் உங்கள் மரத்தில் பழம் தங்கவில்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

வலைதான் வழி. ஆனால் சும்மா மேலே போட்டால் போதாது. தொளதொளவென்று தொங்கினால் வௌவால் சிக்கிச் சாகும், பழமும் போகும். சட்டம் கட்டி, இலையில் படாமல் விறைப்பாக இழுத்துக் கட்ட வேண்டும். மரம் உயரம் என்றால் வலை ஏறாது, எனவே பழம் பறித்த கையோடு கிளையைக் கவாத்து செய்து மரத்தைக் குட்டையாகவே வைத்திருங்கள். எங்கள் மரத்தை மூன்று வருடம் வெட்டி வெட்டி ஆள் உயரத்துக்குச் சற்று மேலே நிறுத்தியிருக்கிறோம். போன டிசம்பரில் முழுக் குலையாகப் பறித்தோம். வலைக்கு மானியம் கொடுத்த வருடங்கள் உண்டு, வேளாண் விரிவாக்க அலுவலகத்தில் கேளுங்கள். மாமியார் தகரத்தை இன்னும் தூக்கிப் போடவில்லை. அவருக்கு அது பழக்கம்.

கேள்வி: பவளம் நடுகிறார்கள், மாங்குரோவ் நடுகிறார்கள். கடற்கரை கரைவது நிற்குமா?
(மீனவர் குடும்பம், மஹேபூர்)

சுருக்கமாகச் சொன்னால், பவளத்திட்டு உயிரோடு இருந்தால் அலை அங்கேயே உடையும், கரைக்கு வரும்போது பலத்தில் பெரும்பகுதி போயிருக்கும். அதனால் நடுவது நல்லது. ஆனால் நட்ட பவளமும் கடல் சூடானால் நிறம் போய் வெளுக்கும், செத்தும் போகலாம். 1998-இல் வெளுத்தது, 2016-இல் வெளுத்தது, 2024-இல் உலகம் முழுக்கவே பெருவெளுப்பு என்று அறிவித்தார்கள். ஒரு நாற்றங்கால் கயிற்றில் எத்தனை துண்டு கட்டினோம் என்று மட்டும் சொல்லும் அறிக்கையை நான் திருப்பி அனுப்பிவிடுவேன். இரண்டு கோடைக்குப் பிறகு எத்தனை உயிரோடு இருக்கிறது என்று எழுதச் சொல்வேன். மாங்குரோவ் சேற்றிலும் ஒதுக்குப்புறத்திலும்தான் நிற்கும். மணல் கரையில் நட்டுப் படம் எடுத்துக்கொண்டால் அடுத்த பெரிய அலையோடு போய்விடும்.

உங்கள் ஊர்க்காரர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்க என்ன இருக்கிறது? 2020 ஜூலை 25-இல் வாகாஷியோ கப்பல் பொயிந்த் தெஸ்னியில் தரைதட்டி, ஆகஸ்ட் 6-இலிருந்து ஏறக்குறைய ஆயிரம் டன் எண்ணெய் கடலில் கலந்தபோது, கரும்புச் சோகையைத் துணிப்பையில் திணித்துத் தைத்து மிதவை வேலி செய்தவர்கள் நீங்கள். நானும் வந்து இரண்டு நாள் தைத்தேன். ஊசி என் கையில் ஏறியதைப் பார்த்து ஒரு பாட்டி என்னிடமிருந்து பையைப் பிடுங்கிக்கொண்டு, சோகை அள்ளும் வேலைக்கு அனுப்பிவிட்டார். பேரிடர்த் திட்டம் எழுத உட்காரும்போதெல்லாம் அந்தப் பாட்டிக்கு எந்த வரிசையில் எந்தத் தொகை போடுவது என்று யோசிப்பேன். "தன்னார்வலர் சிற்றுண்டி" என்ற தலைப்பைத் தவிர வேறு எதிலும் இதுவரை இடம் கிடைக்கவில்லை.

கேள்வி: கோயாவ் தெ சீன் என்ற கொய்யாப் பழம் பறிக்கக் குடும்பத்தோடு பிளேன் ஷாம்பாஞ் போவோம். அந்தச் செடிதான் காட்டுக்கு எமன் என்கிறார்களே, போகலாமா?
(வாசகி, காத்ர்போர்ன்)

தாராளமாகப் போங்கள். எமன்தான், ஆனால் உப்பும் மிளகாயும் தொட்டால் ருசியான எமன்.

பிரேசிலிலிருந்து வந்த சீமைக் கொய்யா அது. பழத்தைக் குரங்கும் பன்றியும் பறவையும் தின்று விதையைக் காடெங்கும் போடும். பிளாக் ரிவர் கோர்ஜஸ் தேசியப் பூங்காவை 1994-இல் அறிவித்தார்கள். அதற்குள்ளேயே கொய்யா ஆள் நுழைய முடியாத புதராக மண்டிக் கிடக்கும் இடங்கள் உண்டு. அதன் நிழலில் கருங்காலிக் கன்றோ தம்பலக்கோக் என்ற உள்ளூர் மரத்தின் கன்றோ முளைத்தாலும் தலை தூக்காது. சில பகுதிகளை வேலியிட்டு மானையும் பன்றியையும் தடுத்து, கொய்யாவைக் கையால் பிடுங்குகிறோம். பெரும்பாலும் பெண்கள்தான் அந்த வேலைக்கு வருகிறார்கள். வேர் அறாமல் விட்டால் மறுபடி தழைக்கும். முழுக்கப் பிடுங்கினாலும் மண்ணில் கிடக்கும் விதை முளைக்கும். அதனால் இரண்டாம் களை, மூன்றாம் களை என்று போய்க்கொண்டே இருக்க வேண்டும். நெல் வயலில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பணம் கொடுக்கும் ஜெனீவாக்காரர்களுக்கு விளக்க வேண்டியிருக்கிறது.

ஒரு முறை பட்ஜெட்டில் நாலாம் வருடத்துக்கு "களை எடுத்தல்" என்று எழுதினேன். "இது முன்பே செய்து முடித்த வேலை அல்லவா, ஏன் திரும்பவும்?" என்று குறிப்போடு திரும்பி வந்தது. அந்த வரியை "வாழிடச் சீரமைப்பு, இரண்டாம் கட்டம்" என்று மாற்றி அனுப்பினேன். தொகையில் ஒரு ரூபாய்கூட மாற்றவில்லை. ஒரே வாரத்தில் ஒப்புதல். டிரோனுக்கும் பட்டறைக்கும் விமானச் சீட்டுக்கும் இந்த வித்தை எதுவும் தேவைப்பட்டதில்லை.

சம்பளம் கேட்காத களையாட்களும் எங்களிடம் உண்டு. உங்கள் பிள்ளைகளை ஒரு நாள் மஹேபூருக்கு எதிரே உள்ள ஈல் ஓ எக்ரெத்துக்குக் கூட்டிப்போங்கள். 26 ஹெக்டேர் தீவு. இங்கிருந்த பேராமைகள் அழிந்துபோனதால், அவற்றுக்குப் பதிலாக 2000-இல் அல்டாப்ரா ஆமைகளைக் கொண்டுவந்து விட்டார்கள். அவை அந்நியச் செடியை மேய்கின்றன, கருங்காலிப் பழத்தைத் தின்று விதையைப் பரப்பவும் செய்கின்றன. அவற்றுக்கு மூன்று வருட ஒப்பந்தம் கிடையாது.

கொய்யா பறிக்கப் போகும்போது ஒன்று மட்டும் செய்யுங்கள். காட்டை விட்டு வெளியே வந்ததும் செருப்பின் அடியைத் தட்டிக் கழுவிவிடுங்கள், அந்தச் சேற்றில் விதை ஒட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகும். பழம் மிஞ்சினால் ஜாம் செய்யலாம். சர்க்கரையைக் குறைத்துப் போடுங்கள், பழத்தின் புளிப்பு தெரிய வேண்டும்.