பூர்வீக வீட்டு சர்வருக்கு நான்கு டிஸ்க் ரெய்டு 5 வேண்டாம், இரண்டு டிஸ்க் மிரர் போதும்

காரைக்குடி வீட்டிலுள்ள பழைய புகைப்படங்களையும் பர்மா காலத்துக் கணக்கு ஏடுகளையும் ஸ்கேன் செய்து வைக்க, 8 டிபி ஹார்டு டிஸ்க் நான்கை வாங்கி, ஒன்று போனாலும் மற்றவற்றைக் கொண்டு மீட்கும்படி அவற்றை ஒன்றாக இணைக்கும் ரெய்டு 5 அமைக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம் என்பதே என் பதில். இரண்டு டிஸ்குகளை ரெய்டு 1 எனும் மிரராக, அதாவது ஒன்றிலிருப்பதே மற்றதிலும் இருக்கும்படி வையுங்கள். மூன்றாவதை வாங்கி வேறு ஊரில் வையுங்கள்.

இடம் போதாதோ என்ற கவலை தேவையில்லை. நாலுக்கு ஆறு அங்குலப் படம் ஒன்றை 600 டிபிஐயில் வண்ணத்தில் சுருக்காமல் சேமித்தால் சுமார் 26 எம்பி ஆகும்; பத்தாயிரம் படங்கள் சேர்ந்தாலும் 260 ஜிபிதான்.

ரெய்டு 5 ஒரு டிஸ்க் போவதைத் தாங்கும் என்பது உண்மையே. ஆனால் புது டிஸ்கை மாட்டியதும், மீதமுள்ள மூன்றையும் முழுவதுமாக, அதாவது 24 டிபியைப் படித்துத்தான் இழந்ததை அது மீட்டெடுக்க முடியும். நொடிக்கு 180 எம்பி வேகத்தில் தடையின்றி எழுதினால்கூட 8 டிபி நிரம்பப் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேலாகும். அதுவரை, ஒரே நாளில் வாங்கி ஒரே வெயிலில் ஓடிய அந்த மூன்றில் இன்னொன்று போனால் எல்லாம் போய்விடும்.

எனக்கு அதுவே நடந்தது. தேவகோட்டை வீட்டில் மூன்று டிஸ்க் ரெய்டு 5 வைத்திருந்தேன். ஒரு சித்திரை மாதத்தில் ஒன்று போக, அவசரத்தில் விலை குறைந்த மேசைக்கணினி டிஸ்க் ஒன்றை வாங்கி மாட்டினேன். அது மாற்றி எழுதுவதில் மெதுவான எஸ்எம்ஆர் வகை என்பதை நான் பார்க்கவில்லை. மீட்பு வேலை நான்காம் நாளும் முடியாதிருந்தபோது அடுத்த டிஸ்கும் நின்றுவிட்டது. மதுரையில் தம்பி வீட்டிலிருந்த பிரதியால் பெரும்பகுதி திரும்பக் கிடைத்தது. கடைசி எட்டு மாத வேலையை மறுபடி செய்தேன். அந்த இடைவெளியில் செல்லரித்துப்போன ஐயாவின் கடிதங்கள் சில மட்டும் கிடைக்கவேயில்லை.

எஸ்எம்ஆர் என்பதை நம் வீட்டுக் கூரையைக் கொண்டே புரிந்துகொள்ளலாம். நாட்டு ஓடுகளை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வேய்வதுபோல அதில் தடங்கள் படிந்திருக்கும். அடியிலுள்ள ஓட்டை மாற்ற மேலுள்ளவற்றையும் எடுத்து அடுக்க வேண்டியிருப்பதுபோல, ஒரு தடத்தை மாற்றி எழுத அடுத்தவற்றையும் திரும்ப எழுத வேண்டும். பெட்டியில் ‘நாஸ்’, அதாவது வீட்டு சேமிப்பு சர்வருக்கானது, என்று போட்டிருப்பது மட்டும் போதாது, ஏனெனில் அவ்வாறு விற்கப்பட்ட சில டிஸ்குகளும் இவ்வகையே என்பது 2020இல் வெளிவந்தது. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத சிஎம்ஆர் வகை என்று நிறுவனத்தின் விவரத்தாளில் உறுதிசெய்துகொண்டே வாங்குங்கள். டபிள்யூடி ரெட் பிளஸ், சீகேட் அயர்ன்வுல்ஃப் ஆகியவை அவ்வகை. இவை படிக்க முடியாத இடத்தில் ஏறத்தாழ ஏழு நொடியில் முயற்சியைக் கைவிட்டுப் பிழையைத் தெரிவிப்பதால், நல்ல டிஸ்கையே பழுதென்று சர்வர் ஒதுக்கிவிடும் ஆபத்தும் குறைகிறது. இரண்டையும் வெவ்வேறு கடைகளில் வாங்கினால் ஒரே தயாரிப்புத் தொகுதியில் அமையும் வாய்ப்பும் குறையும்.

மிரரை இசட்எஃப்எஸ் என்ற கோப்பு அமைப்பு முறையில் அமைப்பதையே நான் விரும்புகிறேன். சாதாரண மிரரில் இரு பிரதிகளும் வேறுபட்டால் எது சரி என்று அதற்குத் தெரியாது; இசட்எஃப்எஸ் ஒவ்வொரு தரவுத் துண்டுக்கும் சரிபார்ப்பு எண் வைத்திருப்பதால் கெட்டதைக் கண்டறிந்து நல்லதைக் கொண்டு திருத்திவிடும். எல்லாவற்றையும் படித்து இப்படிச் சரிபார்க்கும் ஸ்கிரப்பை மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள். டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தில், கெட்ட இடங்களைக் காட்டும் 5, 197 ஆகிய எண்களுக்கு நேரான மூல மதிப்பு பூஜ்யத்திலிருந்து ஏறத் தொடங்கினால், டிஸ்க் ஓடிக்கொண்டிருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

பெட்டியை வெயில் நேராக இறங்கும் மாடி அறையில் வைக்காமல், சுவர் தடித்த கீழ் அறையில் யுபிஎஸ்ஸோடு வையுங்கள். தவறுதலாக அழித்த கோப்பை மிரர் இரண்டு டிஸ்கிலும் அழித்துவிடும் என்பதால் வெளியூர்ப் பிரதியை விட்டுவிடாதீர்கள். தம்பி படைப்புக்கோ செவ்வாய்ப் பொங்கலுக்கோ ஊருக்கு வரும்போதெல்லாம் அந்த டிஸ்கை எடுத்துவருகிறான். புதியவற்றை ஏற்றி, பத்துக் கோப்புகளையாவது திறந்து பார்த்த பிறகே திருப்பிக் கொடுத்தனுப்புகிறேன்.