ரிப்போர்ட் நார்மல், சோர்வும் அரிப்பும் ஏன் போகவில்லை?

கேள்வி: என் மனைவிக்கு வயது 49. பி.பி.சி. (பிரைமரி பிலியரி கோலாஞ்சைடிஸ்) என்ற கல்லீரல் நோய்க்கு ஒரு வருடமாக அர்சோ மாத்திரை சாப்பிடுகிறாள். ரத்தப் பரிசோதனை இப்போது நன்றாக இருக்கிறது. ஆனாலும் எப்போதும் சோர்வு, இரவில் அரிப்பு. கீழாநெல்லி கொடுத்துப் பத்தியம் இருக்கச் சொல்கிறார்கள் உறவினர்கள். நான் என்ன செய்யலாம்?

பதில்: முதலில், இது தொற்றும் நோய் அல்ல, குடியால் வருவதும் அல்ல. உடலின் எதிர்ப்புச் சக்தியே கல்லீரலுக்குள் இருக்கும் நுண்ணிய பித்தக்குழாய்களைத் தாக்குகிறது. பத்தில் ஒன்பது பேர் பெண்கள். முன்பு இதன் பெயரிலேயே 'சிரோசிஸ்' (கல்லீரல் தழும்பேறி இறுகிப்போவது) என்று இருந்தது. பலருக்குச் சிரோசிஸே இல்லை என்பதால் 2015 வாக்கில் பெயரை மாற்றினார்கள். பழைய பெயரைக் கேட்டுவிட்டு, "குடிப்பீங்களா?" என்று சொந்தக்காரர்களே கேட்டதாகச் சொல்லி என் அறையில் அழுத பெண்கள் உண்டு.

கல்லீரல் எவ்வளவு கெட்டிருக்கிறது என்பதை வைத்து இந்தச் சோர்வை அளக்க முடியாது. அர்சோ நோய் முற்றாமல் பார்த்துக்கொள்ளும், சோர்வைப் போக்காது. அதனால் "எல்லாம் நார்மல்தானே, அப்புறம் ஏன் படுத்திருக்கே?" என்று வீட்டில் யாரும் கேட்கக் கூடாது. அவர் சோம்பேறி இல்லை என்பதை நீங்கள் நம்புவதே பெரிய உதவி. மாலைச் சமையலை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். தைராய்டு, ரத்தசோகை இரண்டையும் ஒருமுறை பரிசோதித்துவிடுங்கள். தைராய்டு கோளாறு இந்த நோயோடு அடிக்கடி சேர்ந்து வரும்.

அரிப்பைப் பெரும்பாலும் டாக்டரிடம் குறைத்தே சொல்கிறார்கள். "லேசா அரிக்குது" என்பார்கள். புடவைத் தலைப்பை விலக்கினால் முழங்கை வரை நகக்கீறல் இருக்கும். அடுத்த முறை கூடவே போய், இரவில் எத்தனை முறை எழுகிறார் என்று நீங்கள் சொல்லுங்கள். அரிப்புக்கு டாக்டர் கொலஸ்டிரமின் பொடி கொடுத்தால் அதற்கும் அர்சோவுக்கும் 4 மணி நேர இடைவெளி விடுங்கள். சேர்த்துச் சாப்பிட்டால் பொடி அர்சோவைப் பிடித்துக்கொள்ளும், மாத்திரை வீண். பொடி கேட்காவிட்டால் வேறு மருந்துகளும் இருக்கின்றன.

கீழாநெல்லி வேண்டாம். மூலிகை மருந்துகளில் சில கல்லீரலையே கெடுக்கும். நாளை ரிப்போர்ட் ஏறினால் காரணம் நோயா, மருந்தா என்று தெரியாமல் திண்டாடுவோம். பத்தியக் கஞ்சியும் வேண்டாம். இந்த நோயில் எலும்பு தேயும் என்பதால் பால், முட்டை, மீன், பருப்பு எல்லாம் சாப்பிடட்டும். எலும்பு அடர்த்தி ஸ்கேன் எடுத்தாயிற்றா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அர்சோவை நீங்களாக நிறுத்தாதீர்கள். பொதுவாக ஆயுள் முழுக்கத் தொடர வேண்டியது. எடைக்கேற்ற அளவு அது: 60 கிலோ என்றால் தினமும் 800 முதல் 900 மில்லிகிராம் வரை. கண் மஞ்சளானாலோ, வயிறு வீங்கினாலோ, மலம் கறுப்பாகப் போனாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.