பழைய காருக்கு சீட் பெல்ட்டும் குழந்தை இருக்கையும்: நீலகிரி வாசகர்களின் கேள்விகள்

கேள்வி: என் மாமனார் வாங்கிய 1966-ஆம் ஆண்டு பியட் 1100 டிலைட் இன்றும் நல்ல ஓட்டத்தில் இருக்கிறது. கோத்தகிரியிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் ஊட்டிக்கும் குன்னூருக்கும், விசேஷ நாட்களில் மேட்டுப்பாளையத்துக்கும் அதில்தான் போகிறோம். நான்கு வயது மகளும் எட்டு மாத மகனும் இருக்கிறார்கள். காரில் பெல்ட் கிடையாது. சென்னை புதுப்பேட்டையிலிருந்து பழைய மாருதி பெல்ட்டுகளை வரவழைத்து, தரையில் ஓட்டை போட்டு, பெரிய வாஷர் கொடுத்து முடுக்கித் தருவதாக எங்கள் மெக்கானிக் சொல்கிறார். என் கணவரின் அண்ணனோ, வண்டியின் அசல் தன்மை கெட்டுவிடும், நாம் போகிற வேகத்துக்கு இதெல்லாம் தேவையே இல்லை என்கிறார். சட்டம் என்ன சொல்கிறது? எதை வாங்குவது?

பதில்: குழந்தைகளை அந்தக் காரில் ஏற்றுவதாக இருந்தால் பெல்ட் பொருத்துங்கள், ஆனால் உங்கள் மெக்கானிக் சொல்லும் முறையில் பொருத்தாதீர்கள். மெல்லிய தரைத் தகட்டில் வாஷர் வைத்து முடுக்கிய பெல்ட், மோதலின்போது தகட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்துவிடும். அதை நம்பித்தான் நீங்கள் குழந்தையை உட்கார வைத்திருப்பீர்கள் என்பதால், பெல்ட்டே இல்லாத நிலையைவிட இது மோசமானது என்றுகூடச் சொல்வேன்.

முதலில் சட்டத்தைப் பார்த்துவிடுவோம். முன் இருக்கைகளுக்கு பெல்ட்டுடன்தான் கார்களைத் தயாரிக்க வேண்டும் என்ற கட்டாயம் நம் நாட்டில் 1990-களில்தான் வந்தது. ஆகவே 1966-ஆம் ஆண்டுக் காரில் பெல்ட் இல்லாதது குற்றமாகாது. குழந்தைகள் விஷயம் வேறு. 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின் மூலம் மோட்டார் வாகனச் சட்டத்தில் சேர்க்கப்பட்ட 194பி பிரிவு, 14 வயது நிறையாத குழந்தையை பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்பவருக்கு 1,000 ரூபாய் அபராதம் விதிக்கிறது. பழைய வண்டிகளுக்கு என்று அந்த வாசகத்தில் தனி விலக்கு எதுவும் இல்லை. பழைய கார்களைப் போற்றும் நாடான பிரிட்டனில்கூட, பெல்ட் இல்லாமல் தயாரிக்கப்பட்ட காரில் 3 வயதுக்குக் குறைந்த குழந்தையை ஏற்றவே கூடாது என்பதும், அதற்கு மேற்பட்ட குழந்தைகள் பின் இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்பதும் சட்டம்.

“மெதுவாகத்தானே போகிறோம்” என்ற பேச்சுக்கு வருகிறேன், ஏனென்றால் மலையில் இருக்கும் பல வீடுகளில் இந்த ஒரு வாக்கியம்தான் எல்லா முடிவையும் தள்ளிப்போட வைக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு தடுப்புச் சுவரில் மோதுவது, ஏறத்தாழ 6 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது இரண்டு மாடி உயரத்திலிருந்து, கீழே விழுவதற்குச் சமம். அந்த வேகத்திலிருந்து பத்தில் ஒரு நொடியில் கார் நின்றுபோனால், மடியில் இருக்கும் 10 கிலோ குழந்தையைப் பிடித்து நிறுத்த 110 கிலோவுக்கு மேற்பட்ட இழுவையைத் தாயின் கைகள் தாங்கியாக வேண்டும். எந்தத் தாயாலும் அது முடியாது. உங்கள் பியட்டில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்தான். மேட்டுப்பாளையம் இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கை மட்டும் மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும் என்பது மலைவாசிகள் எல்லோருக்கும் தெரிந்ததுதான். முன்னால் இருப்பதோ இரும்பு டேஷ்போர்டு. ரெக்சின் போட்ட நீள இருக்கையில் ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் ஓட்டுநரே பக்கவாட்டில் சறுக்குகிறார் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்; பெல்ட் அவரை ஸ்டியரிங்குக்கு நேராக இருத்தி வைப்பதே ஒரு பெரிய பாதுகாப்பு.

இனி முக்கியமான விஷயம், தகடு. பெல்ட் கட்டும் இடங்களுக்கான ஐ.நா. வாகன விதிமுறை எண் 14-இன்படி, கார்களின் மூன்று முனை பெல்ட்டைச் சோதிக்கும்போது தோள் பட்டையிலும் இடுப்புப் பட்டையிலும் ஒரே நேரத்தில் தலா 13,500 நியூட்டன் விசை கொடுக்கப்படுகிறது. பட்டை ஒன்றுக்கு 1,300 கிலோவுக்கு மேல் தொங்கவிட்டதுபோல என்று கொள்ளலாம். உங்கள் கார் தனிச் சேசிஸ் (அடிச்சட்டம்) இல்லாத, உடலே அந்தச் சேசிஸாகவும் அமைந்த வண்டி. அதாவது அந்தச் சுமை முழுவதையும் தாங்கப்போவது தரைத் தகடும், கதவுக்குக் கீழுள்ள பெட்டிச் சட்டமும், இரு கதவுகளுக்கு நடுவிலுள்ள தூணும்தான். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டிலும் நனைகிற, மற்ற மாதங்களில் பனிமூட்டத்தில் நிற்கிற கோத்தகிரிக் காரில் துரு முதலில் பிடிப்பது பெரும்பாலும் இந்த இடங்களைத்தான். பின் இருக்கை மெத்தையைத் தூக்கி, அதன் அடியிலுள்ள தகட்டையும், பின் சக்கரத்தின் உள்வளைவு தரையோடு சேரும் மூலையையும் ஸ்க்ரூடிரைவர் முனையால் அழுத்திப் பாருங்கள். உறுதியான தகடு கணீரென்று ஒலிக்கும். அடிப்பூச்சுக்கும் பட்டிக்கும் அடியில் உளுத்துப்போன தகடு மந்தமாக ஒலிக்கும், முனை உள்ளே இறங்கவும் செய்யும். அப்படி இறங்கினால் பெல்ட் பேச்சை அன்றோடு நிறுத்திவிட்டு, முதலில் டிங்கரிங் வேலையைச் செய்யுங்கள். பழைய தகட்டின் மேல் புதுத் துண்டை ஒட்டவைப்பது போதாது. துருப்பிடித்த பகுதியை வெட்டியெடுத்து, நல்ல தகடு வரும்வரை போய், அதில் பற்றவைக்க வேண்டும்.

தகடு சரியாக இருந்தால், பெல்ட் கட்டும் ஒவ்வொரு முனைக்கும் அடியில் ஒரு வலுவூட்டும் தகட்டைப் பற்றவைக்கச் சொல்லுங்கள். பந்தயக் கார்களுக்கான சர்வதேச விதி, பெல்ட்டுக்குப் பின்தாங்கும் தகடு குறைந்தது 3 மில்லிமீட்டர் கனமும் 40 சதுர சென்டிமீட்டர் பரப்பும் கொண்டிருக்க வேண்டும் என்கிறது. அதைக் குறைந்தபட்ச அளவாக வைத்துக்கொள்வதில் தவறில்லை. போல்ட், பெல்ட்டோடு வரும் 7/16 அங்குல உயர்வலு போல்ட்டாகவே இருக்கட்டும். ஹார்டுவேர் கடையில் உதிரியாகக் கிடைப்பதை வாங்க வேண்டாம். தோள் பட்டையின் மேல் முனை, உட்காருபவரின் தோள் உயரத்துக்குச் சமமாகவோ சற்று மேலாகவோ இருக்க வேண்டும். கீழே இருந்தால் மோதலின்போது பட்டை முதுகெலும்பைக் கீழ்நோக்கி அழுத்தும். ஓட்டை போடுவதற்கு முன் அடியில் பிரேக் குழாயோ பெட்ரோல் குழாயோ போகிறதா என்று ஒருவர் காருக்கு அடியில் படுத்துப் பார்த்தாக வேண்டும்.

புதுப்பேட்டை பெல்ட்டை நான் ஏற்கமாட்டேன். விபத்தில் ஒருமுறை இழுபட்ட பட்டையின் நூல்கள் நிரந்தரமாக நீண்டுவிடுகின்றன. அடுத்த முறை அது தாங்குமா என்பதைப் பார்வையால் கண்டுபிடிக்க முடியாது. கழற்றி விற்கப்படும் பெல்ட் எந்தக் காரிலிருந்து, எந்த நிலையில் வந்தது என்று விற்பவருக்கே தெரியாது. புதிதாக, தரச் சான்று அச்சிட்ட துணி லேபிள் பட்டையிலேயே தைக்கப்பட்டதாக, பில்லுடன் வாங்குங்கள்.

பட்டை தானாகச் சுருண்டுகொள்ளும் ரீல் உள்ள பெல்ட்டா, கையால் இறுக்கிக்கொள்ளும் ரீல் இல்லாத பெல்ட்டா என்பதில் மலைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. ரீலுக்குள் இருக்கும் சிறு குண்டு, கார் திடீரென்று நிற்கும்போது நகர்ந்து பட்டையைப் பூட்டுகிறது. கார் சாய்ந்தாலும் அதே குண்டு நகரும். விதிப்படி 12 டிகிரி வரையிலான சாய்வில் அது பூட்டக் கூடாது, 27 டிகிரியைத் தாண்டினால் பூட்டியே ஆக வேண்டும். மெக்கானிக் ரீலைச் சில டிகிரி கோணலாக முடுக்கிவிட்டால், கோயம்புத்தூர் சமதளத்தில் ஒழுங்காக இழுபடும் பெல்ட், உங்கள் வீட்டு வாசல் சரிவில் ஒரு அங்குலம்கூட வெளியே வராது. எந்தக் கோணத்தில் பொருத்த வேண்டும் என்பது பெல்ட்டோடு வரும் தாளில் இருக்கும். வேலை முடிந்ததும் சமதளத்தில் ஒருமுறை, நீங்கள் வழக்கமாக நிறுத்தும் சரிவில் ஏற்றத்தைப் பார்த்து ஒருமுறை, இறக்கத்தைப் பார்த்து ஒருமுறை இழுத்துப் பார்த்த பிறகே பணத்தைக் கொடுங்கள். குழந்தை இருக்கையைக் கட்டப்போகும் பின் இருக்கைக்கு, ரீல் இல்லாத மூன்று முனை பெல்ட்டை நான் சிபாரிசு செய்வேன். ஒருமுறை இறுக்கினால் அப்படியே நிற்கும், குழந்தை இருக்கைக்கு வேண்டியதும் அதுதான். இடுப்பை மட்டும் சுற்றும் இரண்டு முனை பெல்ட்டைக் குழந்தைகளுக்கு எண்ணியே பார்க்காதீர்கள். மோதலில் அது இடுப்பெலும்பிலிருந்து வயிற்றுக்கு ஏறி, உள்ளுறுப்புகளை நசுக்கிவிடக்கூடும்.

இன்றைய இருக்கைகள் பலவும் ஐசோபிக்ஸ் என்னும் கொக்கிகளை எதிர்பார்த்துச் செய்யப்படுகின்றன. உங்கள் காரில் அது இல்லை. கார் பெல்ட்டாலேயே கட்டக்கூடிய வகையைக் கேட்டு வாங்குங்கள். மகனுக்குப் பின்னோக்கிப் பார்க்கும் இருக்கை வேண்டும். புதிய ஐ.நா. விதிமுறை எண் 129, குறைந்தது 15 மாதம் வரை குழந்தை பின்னோக்கியே உட்கார வேண்டும் என்கிறது. தரையில் கால் ஊன்றி நிற்கும் வகை உங்கள் காரின் பழைய தரைக்கு ஏற்றதல்ல. இந்தக் கைக்குழந்தை இருக்கைகளைச் சுற்றிவர நீளமான பெல்ட் தேவைப்படும் என்பதால், முதலில் இருக்கையை முடிவு செய்து, அதை அளந்து, பிறகு பெல்ட்டை வாங்குவதே சரியான வரிசை. மகளுக்கு, எடையைப் பொறுத்து, ஐந்து முனைப் பட்டை கொண்ட முன்னோக்கிய இருக்கை பொருந்தும். ஸ்பிரிங் மெத்தை மிகவும் அமுங்கும் என்பதால், இருக்கையின் மேல் முழங்காலை ஊன்றி அழுத்திக்கொண்டு பெல்ட்டை இறுக்குங்கள். பெல்ட் கடந்து செல்லும் இடத்தில் பிடித்து ஆட்டினால் 2.5 சென்டிமீட்டருக்கு மேல் அசையக் கூடாது. அசைந்தால் அந்த மாடல் உங்கள் காருக்கு உதவாது. ஆகவே காரைக் கடைக்கே கொண்டுபோய்ப் பொருத்திப் பார்த்து வாங்குங்கள்.

ஒரு விஷயத்தை மலையில் இருக்கும் தாய்மார்கள் எல்லோருக்கும் சொல்ல விரும்புகிறேன். தடித்த ஸ்வெட்டரோடும் ஜாக்கெட்டோடும் குழந்தையைப் பட்டைக்குள் உட்கார வைக்காதீர்கள். மோதலில் கம்பளி ஒரு நொடியில் அமுங்கிவிடும். இறுக்கமாகத் தெரிந்த பட்டைக்கும் குழந்தையின் நெஞ்சுக்கும் நடுவே பெரிய இடைவெளி உண்டாகும். மெல்லிய உடையில் பட்டையை இறுக்கிவிட்டு, அதன் மேல் போர்வையைப் போர்த்துங்கள்.

உங்கள் கணவரின் அண்ணனுடைய கவலையையும் நான் மதிக்கிறேன். 2021-ஆம் ஆண்டு விதிகளின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டைக் கடந்து, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் பெருமாற்றம் செய்யப்படாத சொந்த உபயோகக் கார்களை, ‘விஏ’ எழுத்துகள் கொண்ட எண்ணுடன் விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டுக்குச் செல்லும். ஆனால் அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் நிரப்புதல் போன்றவற்றுக்குத்தான் சாலையில் எடுக்க முடியும். குழந்தைகளோடு ஞாயிறு தோறும் ஊட்டிக்குப் போகிற உங்களுக்கு அந்தப் பதிவு ஒத்துவராது. பிற்காலத்தில் பதியும் எண்ணம் இருந்தால், வேலைக்கு முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். ஊட்டி வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுப் பதிலையும் வாங்கி வையுங்கள். மெத்தைக்கு அடியில் வரும் தகடுகள் வெளியே தெரியப்போவதில்லை. வேண்டாமென்றால் பெல்ட்டைக் கழற்றி, துளைகளை மூடிவிடலாம். தகடு உறுதியாக இல்லை, டிங்கரிங் செலவும் இப்போது முடியாது என்றால், பியட்டைப் பெரியவர்கள் மட்டும் ஓட்டட்டும்; குழந்தைகள் வேறு காரில் வரட்டும்.

கேள்வி: என்னிடம் இருப்பது 1930-களின் திறந்த கார்; மரச் சட்டத்தின் மேல் தகடு போர்த்திய உடல். பெல்ட் போட்டால் கார் கவிழும்போது உள்ளேயே மாட்டிக்கொள்வோம் என்று நண்பர்கள் பயமுறுத்துகிறார்கள். என்ன செய்வது? (வாசகர், ஊட்டி)

பதில்: வெளியே தூக்கி எறியப்படுவது பெரும்பாலும் உள்ளே இருப்பதைவிடக் கொடியது, அதிலும் ஒரு பக்கம் பள்ளமாக இருக்கும் நம் சாலைகளில். ஆனால் மரச் சட்டத்தில் எந்த பெல்ட் முனையையும் பொருத்தக் கூடாது. இரும்புச் சேசிஸில் தாங்கிகளைப் பற்றவைத்து, பெரியவர்களுக்கு இடுப்புப் பெல்ட் மட்டும் போடலாம். தோள் பட்டையின் மேல் முனையை இருத்த அந்தக் காரில் வலுவான இடமே இல்லை. இருக்கை சேசிஸோடு உறுதியாக முடுக்கப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். குழந்தைகளைக் கார் நிற்கும்போது மட்டும் அதில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள், சாலையில் கூட்டிச் செல்லாதீர்கள்.

கேள்வி: எங்கள் அம்பாசடரின் பின் இருக்கையில் இடுப்புப் பெல்ட் மட்டும் இருக்கிறது. இணையத்தில் வாங்கிய குழந்தை இருக்கை வந்த பிறகுதான், மூன்று முனை பெல்ட் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது என்று அதன் லேபிளில் பார்த்தோம். பெட்டியைத் திறந்துவிட்டதால் திரும்ப வாங்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். (வாசகி, குன்னூர்)

பதில்: விற்பனைப் பக்கத்தில் அந்த நிபந்தனை எழுதப்பட்டிருந்ததா என்பதைப் பொறுத்தே எல்லாம். எழுதியிருந்தால் உங்கள் பக்கம் வலு குறைவு. எழுதாமலோ, எல்லாக் கார்களுக்கும் பொருந்தும் என்று விளம்பரப்படுத்தியோ இருந்தால், 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க விற்பனையாளர் மறுக்க முடியாது. அந்தப் பக்கத்தை இன்றே படமெடுத்து வைத்துக்கொண்டு, எழுத்து மூலம் கேளுங்கள். பிறகு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலும் தீராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடர 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது. ஊட்டியிலுள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் இல்லை. அதுவரை அந்த இருக்கையை இடுப்புப் பெல்ட்டில் கட்டி ஒருநாள்கூடப் பயன்படுத்தாதீர்கள். பெட்டி, லேபிள், பில் எல்லாவற்றோடும் அப்படியே எடுத்து வையுங்கள்.