வகுப்பில் தூங்கி விழும் பையன்

கேள்வி: யாங்கோனில் இருக்கிறோம் டாக்டரம்மா. மகனுக்கு 9 வயது. வகுப்பில் டெஸ்க் மேலேயே தலைசாய்த்துத் தூங்கிவிடுகிறான் என்று டீச்சர் இரண்டு தடவை சொல்லி அனுப்பிவிட்டார். எங்களுக்குக் கரண்ட் வருவதே ராத்திரியில்தான். வேலையெல்லாம் முடிந்து அவன் கண் மூட 11 மணி ஆகிறது. ஃபெர்ரி என்கிற ஸ்கூல் வண்டி சீக்கிரம் வருவதால் 5.45க்கு எழுப்பிவிடுகிறேன். சத்து டானிக் ஏதாவது கொடுக்கலாமா?

பதில்: டானிக் வேண்டாம் அம்மா. 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 9 முதல் 12 மணி நேரத் தூக்கம் வேண்டும். உங்கள் பையனுக்குக் கிடைப்பது ஆறே முக்கால். தினம் இரண்டேகால் மணி நேரம் கடன் என்றால், வெள்ளிக்கிழமைக்குள் ஒரு முழு ராத்திரித் தூக்கமே போய்விடுகிறது. அதைத்தான் அவன் டெஸ்க்கில் வசூலிக்கிறான்.

நீங்கள் எழுதாத ஒன்றைக் கேட்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு வீட்டில் லபெட், அதான் பர்மாக்காரர்களின் ஊறவைத்த தேயிலை, உண்டா? போனைப் பற்றிச் சொல்லும் அம்மாக்கள் லபெட்டைச் சொல்வதே இல்லை, தின்பண்டம்தானே என்று விட்டுவிடுகிறார்கள். பொரித்த பயறு, கடலை, எள்ளு, பூண்டு எல்லாம் தட்டில் இருந்தால் பிள்ளை கை அங்கேதான் போகும். கடலையைப் பொறுக்குகிறான் என்று நினைப்போம், எண்ணெயில் ஊறிய இலையும் கூடவே உள்ளே போகும். அது தேயிலை அம்மா, டீயில் இருக்கிற அதே கஃபீன், தூக்கத்தை விரட்டுகிற பொருள். பரீட்சைக்குக் கண்விழிக்கிற பெரிய பிள்ளைகள் அதைத்தானே மெல்கிறார்கள்! பெரியவர்கள் உடம்பிலேயே கஃபீன் பாதியாகக் குறைய சுமார் 5 மணி நேரம் பிடிக்கும். மதியத்துக்கு மேல் லபெட்டும் வேண்டாம், டீயும் வேண்டாம். சாப்பாட்டோடு டீ குடித்தால் இரும்புச் சத்தும் சரியாகச் சேராது.

கரண்ட் விஷயத்தில் உங்களைக் குறை சொல்ல மனசு வரவில்லை. தண்ணி மோட்டார், இஸ்திரி, சார்ஜர் எல்லாம் அந்த நேரத்துக்குத்தான் காத்திருக்கின்றன. பையனும் காத்திருக்க வேண்டுமா என்ன? அவனைக் கொசுவலைக்குள் படுக்க வைக்கும்போது ஃபேன் சுவிட்சைப் போட்டு, லைட் சுவிட்சை அணைத்து வையுங்கள். கரண்ட் வந்ததும் காற்று வரட்டும், வெளிச்சம் வேண்டாம். வெளிச்சம் பட்டால் மெலட்டோனின் என்ற தூக்கச் சுரப்பு குறையும். ஒரேயடியாக 8.30க்குப் படுக்கச் சொன்னால் புரண்டுகொண்டுதான் கிடப்பான். மூன்று நாளைக்கு ஒருமுறை 15 நிமிடம் முன்னே கொண்டு வாருங்கள், ஒரு மாதத்தில் அங்கே வந்துவிடுவான். ஞாயிறும் 7 மணிக்குள் எழுப்பிவிடுங்கள். தூங்கட்டும் என்று சளி சிரப் ஊற்றுகிற பழக்கம் சில வீடுகளில் உண்டு, அது கூடவே கூடாது.

போதுமான நேரம் தூங்கியும் வகுப்பில் சோர்ந்தால் ஹீமோகுளோபின் பார்க்க வேண்டும். குறட்டை விடுகிறானா, வாயைத் திறந்து தூங்குகிறானா, நடுவில் மூச்சு திணறுகிறதா என்று கவனியுங்கள். டான்சிலோ, மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு சதையோ பெருத்திருந்தால் அப்படி ஆகும். அவன் தூங்கும்போது இரண்டு நிமிடம் போனில் வீடியோ எடுத்து, காது மூக்கு தொண்டை டாக்டரிடம் காட்டுங்கள்.