மூன்றடி மண்ணுக்கு இரண்டு லட்சம்: விற்கலாமா?

கேள்வி: வந்தவாசி பக்கம் எனக்கு 3 ஏக்கர் ஏரிப் பாசன நிலம் இருக்கிறது. ஒரு போகம் நெல், ஒரு போகம் மல்லாட்டை (நிலக்கடலை). வருடத்துக்கு ஏக்கருக்கு வரவு 90,000 ரூபாய், செலவு 55,000 போக 35,000 கையில் நிற்கும். செங்கல் சூளைக்காரர் ஒருவர் மூன்றடி ஆழத்துக்கு மண் எடுத்துக்கொண்டு ஏக்கருக்கு 2 லட்சம் தருவதாகச் சொல்கிறார். “நிலம் உங்க பேர்லதானே இருக்கப்போகுது, ரெண்டு வருஷம் எரு அடிச்சா பழையபடி விளையும்” என்கிறார். மகளின் பொறியியல் படிப்புக்கு 4 லட்சம் வேண்டும். மண்ணை விற்றால் 6 லட்சம் வரும். மீதியை டெபாசிட்டில் போடலாமா?

பதில்: விற்காதீர்கள். நீங்கள் கொடுத்த கணக்கை வைத்தே காரணத்தைச் சொல்கிறேன்.

முதலில் அவர் தரும் விலையை யூனிட் கணக்குக்கு மாற்றுங்கள். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. மூன்றடி வெட்டினால் 1,30,680 கன அடி. 100 கன அடி ஒரு யூனிட் என்றால் 1,300 யூனிட்டுக்கு மேல் வருகிறது. 2 லட்சத்தை அதால் வகுத்தால் யூனிட்டுக்கு 153 ரூபாய். உங்கள் ஊரில் ஒரு லோடு மண் என்ன விலைக்கு இறங்குகிறது என்று டிப்பர் ஓட்டுகிறவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள். ‘ஏக்கருக்கு 2 லட்சம்’ என்று பேசினால் பெரிய தொகையாகத் தெரியும். அதனால்தான் அவர் யூனிட் கணக்கில் பேசவில்லை.

அடுத்து, அந்த மண் உங்களுக்கு என்ன பெறும்? இதைச் சத்துக் கணக்கில் அளப்பவர்கள் உண்டு. ஓரடி ஆழத்துக்கு ஓர் ஏக்கர் மண் சுமார் 1,700 டன் எடை. அதில் அங்ககக் கரிமம் (மட்கிய பொருளில் உள்ள கார்பன்) அரை சதவீதம் இருந்தால் 8.5 டன். தழைச்சத்து (நைட்ரஜன்) அந்தக் கரிமத்தின் எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இருக்கும், அதாவது 850 கிலோ. யூரியாவில் தழைச்சத்து 46 சதவீதம் என்பதால், இது 45 கிலோ மூட்டையில் 41 மூட்டைக்குச் சமம். மானிய விலையில் மூட்டை சுமார் 270 ரூபாய். ஆக 11,000 ரூபாய்தான்! இந்தக் கணக்கைக் காட்டினால் சூளைக்காரர் வள்ளல் ஆகிவிடுவார். மண் தண்ணீரைப் பிடித்து வைப்பதற்கும், வேர் இறங்க இடம் கொடுப்பதற்கும், மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் இந்த முறையில் விலையே இல்லை. அதனால் இதை ஒதுக்கிவிடுங்கள்.

சரியான அளவுகோல், மண் போனபின் உங்கள் நிகர வருமானம் எவ்வளவு குறையும் என்பதுதான். இங்கே பலர் தவறவிடும் ஒரு விஷயம் இருக்கிறது. மகசூல் குறைந்தாலும் உழவுக் கூலியும் விதையும் அறுவடை இயந்திர வாடகையும் குறையாது; உரச் செலவோ ஏறும். அந்தக் கூடுதல் உரத்துக்கு வருடம் 5,000 ரூபாய் என்று வையுங்கள். மகசூல் கால் பங்கு குறைந்தால் வரவு 67,500, செலவு 60,000. மிச்சம் 7,500. மகசூலில் 25 சதவீதம் போனதற்கு, கையில் நிற்பதில் ஏறக்குறைய 80 சதவீதம் போய்விடுகிறது. ஏக்கருக்கு வருட நஷ்டம் 27,500 ரூபாய். 2 லட்சத்தை 7 சதவீத வட்டிக்குப் போட்டால் கிடைப்பது 14,000.

கால் பங்கு குறையாது என்று அவர் வாதாடலாம். சரி, பத்தில் ஒரு பங்கு மட்டும் குறையட்டும். வரவில் 9,000, கூடுதல் உரம் 5,000, மொத்தம் 14,000. வட்டி முழுவதும் அங்கேயே தீர்ந்தது. அதுவும் 2 லட்சத்தையும் தொடாமல் வைத்திருந்தால்தான். நீங்களோ வரும் 6 லட்சத்தில் 4 லட்சத்தைப் படிப்புக்குச் செலவிடப் போகிறீர்கள்.

‘ரெண்டு வருஷம் எரு’ என்பதை நம்ப வேண்டாம். நெல்லுக்கு வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் தொழுவுரம் ஏக்கருக்கு 5 டன். மூன்றடியில் போவது 5,000 டன் மண். நம் வெயிலில் போட்ட எருவின் பெரும்பகுதி சீக்கிரமே மட்கிக் கரைந்துவிடும். ஓர் அங்குல மேல்மண் தானாக உருவாக நூற்றாண்டுகள் ஆகும். போதாததற்கு, பக்கத்து வயலைவிட மூன்றடி தாழ்ந்த வயலில் ஐப்பசி மழைத் தண்ணீர் எப்படி வடியும்?

சந்தேகம் இருந்தால் வயலில் மூன்றடிக் குழி வெட்டி, அடியில் இருக்கும் மண்ணையும் மேல்மண்ணையும் தனித்தனியாக மண் பரிசோதனைக்குக் கொடுங்கள். 2015-ல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தில் அங்ககக் கரிமம், கார அமில நிலை, உப்புத்தன்மை உட்பட 12 அளவுகள் பார்க்கிறார்கள். அந்த அடிமண்தான் நாளை உங்கள் மேல்மண். குழியில் சுக்கான் (சுண்ணாம்புக் கல்) தட்டினால் பேச்சை அன்றே முடித்துக்கொள்ளலாம்.

பட்டா நிலமே ஆனாலும் மண் எடுக்கக் கனிம வளத்துறை அனுமதி வேண்டும். இல்லாவிட்டால் பட்டாதாரரான உங்கள் பெயரும் வழக்கில் சேரும். கோவை தடாகம் பள்ளத்தாக்கில் செம்மண் எடுத்துவந்த சூளைகள் 2021-ல் மூடப்பட்டதை நினைவில் வையுங்கள். சூளைக்கு மண் விற்ற பணம் விவசாய வருமானமும் ஆகாது. வருமான வரி ரிட்டனில் காட்ட வேண்டும். நிலத்தை அடமானம் வைத்துக் கடன் வாங்கியிருந்தால் வங்கியையும் கேட்க வேண்டியிருக்கும்.

மகள் படிப்புக்குக் கல்விக் கடனே பொருத்தம். 4 லட்சம் வரை அடமானமோ வெளியார் ஜாமீனோ கேட்க மாட்டார்கள்; பெற்றோர் கூட்டாகக் கையெழுத்திட்டால் போதும். படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை ஆரம்பம். வட்டி 10 சதவீதம் என்றாலும், முழுத்தொகைக்கும் வருடம் 40,000 ரூபாய். மண் போய் மகசூல் கால் பங்கு குறைந்தால் 3 ஏக்கரிலும் சேர்த்து வருட நஷ்டம் 82,500. கடன் ஒருநாள் அடைந்துவிடும்.

ஒரே ஒரு விதிவிலக்கு: மேடாக இருந்து ஏரித் தண்ணீர் ஏறாத துண்டு ஏதாவது உங்களிடம் இருந்தால், அதை மட்டும் தாழ்த்துவதில் லாபம் உண்டு. அப்போதும் மேலே உள்ள ஓரடி மண்ணை முதலில் வழித்து ஓரமாகக் குவித்து, அடிமண்ணை மட்டும் கொடுத்துவிட்டு, குவித்ததைத் திரும்பப் பரப்பித் தர வேண்டும். அனுமதி எடுப்பது அவர் பொறுப்பு, பணம் யூனிட் கணக்கில், பரப்பி முடிக்கும் வரை அவருடைய பணத்தில் ஒரு தொகை பிணையாக உங்களிடம். இந்த மூன்றையும் பத்திரத்தில் எழுதி வாங்குங்கள்.