லாலிபெலாவின் தலைக்கு மேல் ஒரு கூரை: வாசகர் கேள்வி – பதில்

எத்தியோப்பியாவின் கோண்டார் நகரில் 2004 முதல் 2017 வரை கணிதம் சொல்லிக்கொடுத்த நாட்களைப் பற்றிப் போன இதழில் எழுதியிருந்தேன். அந்த நாட்டின் பாதுகாக்கப்பட்ட இடங்களைப் பற்றிக் கேட்டு நிறையக் கடிதங்கள் வந்திருக்கின்றன. சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

லாலிபெலா பாறைக் கோயில்களின் படத்தைப் பார்த்தேன். எண்ணூறு வருடப் பழமைக்கு மேலே பெட்ரோல் பங்க் கூரை மாதிரி ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்களே, யார் செய்த அநியாயம் இது?
– வாசகர், தஞ்சாவூர்

அதை முதலில் பார்த்தபோது எனக்கும் வயிறு எரிந்தது. ஆனால் கூரை வந்த கதையைக் கேட்டால் கோபம் கொஞ்சம் தணியும்.

லாலிபெலாவில் இருப்பவை மொத்தம் 11 கோயில்கள், எல்லாமே கிறிஸ்தவ ஆலயங்கள். தரையிலிருந்து கீழ்நோக்கிப் பாறையை வெட்டி இறங்கி, சுற்றிலும் பள்ளமெடுத்து, நடுவில் நின்ற கல்லை உள்ளே குடைந்து செய்திருக்கிறார்கள். அந்தக் கல் நம் கருங்கல் போல உறுதியானது இல்லை. எரிமலை கக்கியது இறுகி உண்டான செம்பாறை, தண்ணீரைக் குடிக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழையில் விரிசல்கள் வழியே நீர் இறங்கி, உள்ளே இருக்கும் செதுக்கல்களையும் ஓவியங்களையும் தின்றுவிடும். 1950களில் நல்லது செய்வதாக நினைத்துத் தாரைப் பூசினார்கள். அது ஈரத்தை உள்ளேயே அடைத்து வைத்தது. 1960களின் பிற்பகுதியில் சாண்ட்ரோ ஆஞ்செலினி என்ற இத்தாலியக் கட்டடக் கலைஞரின் குழு வந்து அந்தப் பூச்சை எடுக்க வேண்டியதாயிற்று. அப்புறம் சில கோயில்களுக்கு மேல் சாரம் கட்டித் தகரம் போட்டார்கள். 2006 ஜனவரியில் நான் போனபோது அந்தத் தகரம்தான் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் இப்போதைய பெரிய கூரைகள் 2008-இல் எழுந்தன. தற்காலிக ஏற்பாடு என்றுதான் சொன்னார்கள்.

அந்தத் தற்காலிகம் நீண்டுகொண்டே போனது. மழை நின்றது, சரி. ஆனால் கல் அளவுக்கு மீறிக் காய்கிறது என்றும், புயலடித்தால் அந்த இரும்புக் கால்கள் கோயில் மேலேயே சாயும் என்றும் ஊர்க்காரர்களுக்குப் பயம். 2018 அக்டோபரில் ஆயிரக்கணக்கில் தெருவுக்கு வந்து போராடினார்கள். அடுத்த மார்ச்சில் பிரான்ஸ் அதிபர் மக்ரோன் நேரிலேயே வந்து உதவுவதாகச் சொன்னார். சிலுவை வடிவத்தில் நிற்கும் பேத்தெ கியோர்கிஸ் என்ற கோயிலுக்கு மேல் கூரை கிடையாது. படங்களில் அதிகம் பார்ப்பது அதைத்தான்.

நான் இரண்டாம் முறை போனது 2009 ஜனவரியில். அவர்களுக்கு ஜனவரி 7தான் கிறிஸ்துமஸ், 'கென்னா' என்பார்கள். விடியற்காலையில் பேத்தெ மரியாம் என்ற கோயிலின் பள்ளத்து விளிம்பில் வெள்ளை உடுத்த குருமார்கள் ஒரு வரிசை, கீழே முற்றத்தில் இன்னொரு வரிசை. பெரிய மத்தளம் அதிர, 'பெஸா குல்லு' பாட்டை மேலும் கீழுமாக மாற்றி மாற்றிப் பாடினார்கள். என் பக்கத்தில் ஒரு பாட்டி நின்றார். பாதம் வெடித்துப் புழுதி அப்பியிருந்தது, எத்தனை நாள் நடந்து வந்தாரோ. கோயில் சுவரை நெற்றியால் தொட்டு முத்தமிட்டார். திரும்பி நடந்தவர், எதிர்ப்பட்ட கூரையின் இரும்புக் காலையும் அதே போலத் தொட்டு முத்தமிட்டுவிட்டுப் போனார். அன்றைக்கு அந்தக் கூரையைத் திட்டுவதை நிறுத்திவிட்டேன். ஆனால் அது சீக்கிரம் கழற்றப்பட வேண்டும், அதற்குள் விரிசல்களை ஒழுங்காக அடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. எதைச் செய்தாலும் அந்தக் குருமார்களைக் கூட வைத்துக்கொண்டு செய்ய வேண்டும். மழைக்காலத்தில் எந்தச் சுவர் எங்கே வியர்க்கும் என்பது தினமும் அங்கே நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும்.

இத்தாலி தூக்கிப்போன அக்சும் தூண் உண்மையிலேயே திரும்பி வந்ததா?
– கல்லூரி மாணவி, திருச்சி

வந்தது. அக்சும் என்ற பழைய எத்தியோப்பிய நகரத்தின் அந்தத் தூணை 1937-இல் முசோலினியின் படை எடுத்துப்போய் ரோமில் நிறுத்தியது. திருப்பித் தருவதாக 1947 அமைதி ஒப்பந்தத்திலேயே எழுதிக் கொடுத்தும் 2005 ஏப்ரல் வரை இழுத்தடித்தார்கள். 24 மீட்டர் உயரக் கல் மூன்று துண்டாக, மூன்று தடவையாக விமானத்தில் வந்தது. முதல் துண்டு இறங்கிய அன்று எங்கள் துறையில் வகுப்பே நடக்கவில்லை. ஆசிரியர் அறையில் காபி வறுக்கும் வாசனை, நடுவில் ஒரு வானொலி, பேச்சு மூச்சில்லாமல் எல்லோரும். தூணை மறுபடி நிறுத்தியது 2008-இல்.

குடும்பத்தோடு போய்ப் பார்க்க ஆசை. இப்போது போகலாமா?
– வாசகி, கோயம்புத்தூர்

அம்மா, லாலிபெலாவும் கோண்டாரும் அமாரா மாநிலத்தில் இருக்கின்றன. அங்கே 2023 முதல் அரசுப் படைகளுக்கும் ஆயுதக் குழுக்களுக்கும் சண்டை நடக்கிறது. குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு அந்தப் பக்கம் போகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பொறுத்திருங்கள். அதுவரை தலைநகர் அடிஸ் அபாபாவின் தேசிய அருங்காட்சியகத்தில் மனித மூதாதை 'லூசி'யின் மாதிரி வடிவத்தைப் பார்க்கலாம். அசல் எலும்புகள் 32 லட்சம் ஆண்டுக்கு முந்தையவை. அந்த ஊர்க்காரர்கள் அவளை 'திங்க்நெஷ்' என்பார்கள், 'நீ அற்புதம்' என்று பொருள். புறப்படும் முன் இந்திய அரசின் பயண அறிவுரையைப் பாருங்கள். மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் குறைந்தது பத்து நாள் முன்னால் போட்டுக்கொள்ளுங்கள். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போடுகிறார்கள். ஊசி போட்டதற்குத் தரும் மஞ்சள் அட்டை இல்லாமல் திரும்பினால் இங்கே விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். 'யெட்சோம்' என்று கேளுங்கள், விரதச் சாப்பாடு, முழு சைவம்.

காட்டு ஆட்டுக்காக மனிதர்களைக் காலி செய்வது எந்த நியாயம்? சிமியென் மலையில் அப்படி நடந்ததாமே?
– வாசகர், நீலகிரி

நடந்தது. சிமியென் 1978-லேயே யுனெஸ்கோ பட்டியலில் ஏறிய மலை. வாலியா என்ற காட்டு ஆடு உலகத்தில் அங்கே மட்டும்தான் வாழ்கிறது. மேய்ச்சலும் உழவும் உச்சி வரை ஏறி அது அருகியதால், 1996-இல் அந்த மலையை 'ஆபத்தில் உள்ளவை' பட்டியலில் போட்டார்கள். 2017-இல்தான் அதிலிருந்து எடுத்தார்கள். அதற்கு முந்தைய வருடம், பூங்காவுக்குள் இருந்த கிச் என்ற கிராமத்தை முழுதாக டெபார்க் ஊருக்கு இடம் மாற்றினார்கள்.

என் மாணவன் ஒருவனின் மாமா அந்தக் கிராமத்துக்காரர். இழப்பீட்டுப் பணத்தில் டெபார்க்கில் தகரக் கூரை வீடு கட்டியிருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னைக் கூட்டிப்போனான். வீடு சுத்தமாக இருந்தது, மின்விளக்கு இருந்தது, பக்கத்தில் பள்ளிக்கூடம் இருந்தது. மாமா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். "முட்டையைக்கூடக் காசு கொடுத்து வாங்குகிறோம்" என்றார். வாழ்நாள் முழுக்க வாற்கோதுமை விதைத்த கை.

வாலியா பிழைக்க வேண்டும், அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் ஒரு விவசாயிக்குப் பணத்தை எண்ணிக் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்று எழுதுவது தவறு. மாற்று நிலம் கொடுத்திருக்க வேண்டும். இல்லையென்றால் அதே மலையில் காவலுக்கும் வழிகாட்டவும் முதலில் அவர்களைத்தான் வேலைக்கு எடுத்திருக்க வேண்டும்.

என் மகன் அடிஸ் அபாபாவில் வேலை செய்கிறான். கடையில் பழைய தோல் பைபிள் ஒன்றைப் பார்த்திருக்கிறானாம். வாங்கி வரச் சொல்லலாமா?
– வாசகி, நாகர்கோவில்

வேண்டவே வேண்டாம். அந்த நாட்டில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழம்பொருளை அனுமதியில்லாமல் வெளியே எடுத்துப் போவது குற்றம். விமான நிலையத்தில் பெட்டியைத் திறந்து பார்ப்பார்கள். 1997-இல் லாலிபெலாவின் தங்கச் சிலுவையே திருட்டுப் போய், பெல்ஜியத்தில் அகப்பட்டு, 2001-இல் திரும்பி வந்தது. அதிலிருந்து இன்னும் கண்டிப்பு.

சட்டம் கிடக்கட்டும், நான் பார்த்ததைச் சொல்கிறேன். லாலிபெலாவில் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் போர்வைக்குள்ளிருந்து ஒரு தோல் ஏட்டை எடுத்து என்னிடம் நீட்டினான், அந்த நாட்டுப் பணத்தில் நூறு பிர் கேட்டான். ஆட்டுத்தோல், பழுப்பேறி ஓரம் சுருண்டிருந்தது. கருப்பு மையில் கீயெஸ் என்ற பழைய வழிபாட்டு மொழியின் எழுத்து, மரியாளின் பெயர் வருமிடத்தில் மட்டும் சிவப்பு மை. மூன்று பக்கம் பழைய ஓரம். நான்காவது பக்கம் மட்டும் நேராக, வெளுப்பாக இருந்தது. தையல் நூல் போன துளைகளுக்கு அரை விரல் தள்ளிக் கத்தி ஓடியிருந்தது, அந்த வெட்டுக்கு ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. "மீதி எங்கே?" என்று கேட்டேன். போர்வையை விலக்கி இன்னும் நான்கைக் காட்டினான். கோயிலில் கொடுத்துவிடு என்று எனக்குத் தெரிந்த அம்ஹாரிக்கில் கெஞ்சினேன். அவன் அதற்குள் அடுத்த சுற்றுலாக்காரரைப் பார்த்துவிட்டான்.

உங்கள் மகனுக்கு ஆசையாக இருந்தால், இன்றைக்கும் தோலில் எழுதி, படம் வரைந்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களிடம் புதிதாக ஒன்று வாங்கட்டும். அவர்கள் பிழைப்புக்கும் ஆகும். ரசீதை மட்டும் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள், விமான நிலையத்தில் கேட்பார்கள்.