கும்பிடுபூச்சி: வாசகர் கேள்விகள்

கேள்வி: கும்பிடுபூச்சிக் குஞ்சு ஒன்றைக் கண்ணாடிப் புட்டியில் வளர்க்கிறோம். தோல் உரிக்கும்போது கீழே விழுந்துவிட்டது. முன்னங்கால் ஒன்று வளைந்தபடியே நிற்கிறது. எங்கே தப்பு?

பதில்: புட்டியில்தான். கும்பிடுபூச்சி தலைகீழாகத் தொங்கித்தான் தோல் உரிக்கும். நடுக்கால், பின்னங்கால் நகங்கள் கூரையைக் கவ்வியிருக்க, பழைய தோலின் முதுகு பிளந்து உடல் மெல்லக் கீழே நழுவும். வழவழப்பான மூடியில் நகம் ஊன்றாது. பாதியில் விழுந்தால், ஈரமான புதுத்தோல் வளைந்த வாக்கிலேயே இறுகிவிடும்.

மூடிக்குப் பதில் வலைத்துணி கட்டுங்கள். உயரம் பூச்சியின் நீளத்தைப்போல் குறைந்தது 3 மடங்கு, அகலம் 2 மடங்கு இருக்கட்டும். காற்று வறண்டு கிடந்தாலும் தோல் ஒட்டிக்கொள்ளும் என்பதால் உட்சுவரில் லேசாகத் தண்ணீர் தெளிக்கலாம். குடிப்பதும் அந்தத் துளிகளைத்தான்.

உரிப்பதற்கு முன் பூச்சி சில நாள் தின்னாது. பாவம் என்று உயிருள்ள இரையை உள்ளே விட்டுவைக்காதீர்கள். மெல்லுடம்போடு தொங்கும் பூச்சியைச் சில்வண்டே கடித்துத் தின்றுவிடும்.

சிறகு முளைக்காத குஞ்சு என்றால் அடுத்தடுத்த உரிப்புகளில் கால் ஓரளவு நேராகலாம். சிறகு வந்தபின் உரிப்பே கிடையாது. அதுவரை இரையை இடுக்கியில் பிடித்து வாயருகே நீட்டுங்கள்.

கேள்வி: எந்தப் பக்கம் போனாலும் அதன் கண்ணிலுள்ள கரும்புள்ளி நம்மையே பார்க்கிறதே?

பதில்: அது கண்மணி அல்ல. கூட்டுக்கண்ணின் சிறு கண்களில் உங்களை நேராக நோக்குபவை மட்டும் வெளிச்சத்தை விழுங்கிவிடுவதால் அந்த இடம் கறுத்துத் தெரிகிறது. நீங்கள் நகர்ந்தால் புள்ளியும் நகரும். இருட்டியதும் கண் முழுக்கக் கறுப்பதும் இயல்புதான், நிறமி இடம் மாறுகிறது. பகலில் நகராமல் ஒரே இடத்தில் நிற்கும் கறுப்பைத்தான் கவனிக்க வேண்டும். பெரும்பாலும் அது கண்ணாடிச் சுவரில் கண் உரசி உரசி வந்த காயம்.

கேள்வி: பெண் பூச்சி ஆணைத் தின்றுவிடுமாமே?

பதில்: எப்போதும் இல்லை. பசித்த பெண்தான் அதிகம் பாயும். எனவே சேர்த்து விடும் முன் பெண்ணுக்கு வயிறார இரை கொடுங்கள். எது ஆண் என்று அறிய, வளர்ந்த பூச்சியின் அடிவயிற்றில் வளையம் வளையமாகத் தெரியும் கண்டங்களை எண்ணிப் பாருங்கள்: ஆணுக்கு 8, பெண்ணுக்கு 6. தலை போன ஆணும் இணைவதை நிறுத்தாது, அதை இயக்கும் நரம்புமுடிச்சு வயிற்றில் இருக்கிறது!

கேள்வி: தோட்டத்தில் விட்டால் செடிச் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி ஒழியுமா?

பதில்: ஒழியாது. வளர்ந்த கும்பிடுபூச்சிக்கு அசுவினி மிகச் சிறிய இரை. தேனீயும் வண்ணத்துப்பூச்சியும்தான் அதற்கு வாகாகச் சிக்கும். அசுவினிக்குப் பொறிவண்டுதான் சரி.